புதுப்பிக்கப்படும் வட சென்னையும் குறைந்துபோன கூலியும்

கேள்வி இதுதான்: “வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் ஒதுக்குகிறார்கள். புதுக் கட்டடங்கள் எழுவதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் இங்கேயே பிறந்து இங்கேயே உழைக்கிறவர்கள் கையில் காசு புழங்குவதாகத் தெரியவில்லையே, ஏன்? இதை எங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாமா? அவருக்கு இதில் அதிகாரம் உண்டா?”

கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும். ஆனால் எதை அவரிடம் கேட்பது, எதை வேறிடத்தில் கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால்தான் பதில் வரும். இல்லாவிட்டால் “அது என் கையில் இல்லை” என்ற ஒரே வரியோடு அனுப்பிவிடுவார்கள். வட சென்னையின் பட்டாளம் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிலாளர்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. படிவங்களும் மனுக்களும் எழுதிக் கொடுத்துவருகிறேன். அந்த ஒரே வரியைக் கேட்டுத் திரும்பியவர்கள் பலர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தபோது, நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. நகரத் திட்டமிடல், குடிநீர், குடிசைப் பகுதி மேம்பாடு எல்லாம் அதில் உண்டு. சென்னையில் நடைமுறை வேறு. குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் குடிநீர் வாரியத்திடம் இருக்கின்றன. நிலப் பயன்பாடும் பெருந்திட்டமும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். குடியிருப்புகள், 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பிடம். நீங்கள் சொல்லும் வட சென்னை வளர்ச்சித் திட்டம் முதலில் ஆயிரம் கோடி என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கிவைக்கப்பட்டபோது அது பல துறைகளைச் சேர்த்து 4,181 கோடியாக வளர்ந்திருந்தது. அதை முன்னின்று நடத்துவது வளர்ச்சிக் குழுமம். எந்தத் தெருவில் எந்தக் கட்டடம் எழும் என்பதை உங்கள் கவுன்சிலர் முடிவு செய்வதில்லை. அடிக்கல் நாட்டும்போது மேடையில் அவருக்கு நாற்காலி இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் குப்பை அள்ளுவது, தெரு கூட்டுவது, தெருவிளக்கு, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார மையம் ஆகியவை மாநகராட்சியின் வேலைகள். அந்த வேலையைச் செய்பவர்களுக்கு யார் மூலம், எந்த அடிப்படையில் சம்பளம் போகும் என்பது மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் மன்றக் கூடத்தில் தீர்மானமாக வைக்கப்பட்டு நிறைவேறுகிறது. அங்கே 200 கவுன்சிலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் கவுன்சிலர். கட்டடத்துக்கு அவர் பொறுப்பில்லை என்று வாதாடலாம். கூலிக்கு அவர் பொறுப்பு.

இந்தக் கூடம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்ததை நாம் மறந்துவிடுகிறோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மாமன்றத்துக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தல் நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலரே மாமன்றமாக இருந்து தீர்மானங்களில் கையெழுத்துப் போட்டார். நகரத்தின் பல மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி 2020இல் தனியாருக்குப் போனபோது, “என் வார்டு ஆட்களின் சம்பளம் என்ன ஆகும்?” என்று கேட்க ஒரே ஒரு கவுன்சிலர்கூட இந்த நகரத்தில் இல்லை. அதற்கு முன்பும் இது நடந்ததுதான். 2000இல் ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் வந்தது. 2007இல் நீல் மெட்டல் வந்தது. 2012இல் ராம்கி வந்தது. நிறுவனம் மாறும்போதெல்லாம் சீருடையின் நிறம் மாறியது. வேலைக்குச் சேர்ந்த தேதியும் சேர்ந்து மாறியது. பத்தாண்டு வேலை பார்த்த பெண், புதுச் சீருடை வந்த நாளில் புதிதாகச் சேர்ந்தவராகிவிடுவார். பி.எஃப். கணக்கு எண்கள் இரண்டு மூன்று வைத்துக்கொண்டு, எதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் என்னிடம் வந்தவர்களை நான் எண்ணி முடிக்க மாட்டேன்.

மாநகராட்சியே நேரடியாக வேலை வாங்கிய சில மண்டலங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவற்றில் இரண்டு, ஐந்தாவது மண்டலமான ராயபுரமும் ஆறாவது மண்டலமான திரு.வி.க. நகரும். இரண்டும் வட சென்னையின் இதயம். அங்கே தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் சுய உதவிக் குழு என்ற பெயரில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள், பலருக்குப் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட வேலை அனுபவம். 2025 ஜூன் மாமன்றக் கூட்டத்தில் இந்த இரண்டு மண்டலங்களையும் தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானம் நிறைவேறியது. ஜூலையில் வேலை கைமாறியது. ஆகஸ்ட் 1ஆம் தேதி தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகையின் வாசலில் உட்கார்ந்தார்கள். உழைப்போர் உரிமை இயக்கம் அந்தப் போராட்டத்தை நடத்தியது. வெயிலிலும் மழையிலும் பதின்மூன்று நாள் அந்த நடைபாதையிலேயே இருந்தார்கள். உயர் நீதிமன்றம் அங்கிருந்து அகற்றச் சொன்ன பிறகு, 13ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் போலீஸ் வந்து அவர்களை பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் காலை உணவு, வீடு, காப்பீடு என்று தூய்மைப் பணியாளர்களுக்கான சலுகைகளை அரசு அறிவித்தது. மாமன்றத் தீர்மானத்தை ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அவர்கள் கேட்டது பணி நிரந்தரமும் குறையாத கூலியும். தொழிலாளர்கள் சொன்ன கணக்குப்படி, அதுவரை மாதம் சுமார் 23,000 ரூபாயாக இருந்த சம்பளம் புதிய ஏற்பாட்டில் சுமார் 17,000 ரூபாயாகும். இங்கேதான் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இருக்கிறது. ஆளுக்கு ஆறாயிரம், இரண்டாயிரம் பேர் என்றால், மாதம் ஒரு கோடியே இருபது லட்சம் ரூபாய். ஆண்டுக்குப் பதினான்கு கோடிக்கு மேல். இந்தப் பணம் யாருடைய பெட்டியிலும் தூங்கிக்கொண்டிருந்த பணம் இல்லை. பட்டாளம் மார்க்கெட்டிலும் ஓட்டேரிக் கடைகளிலும் மளிகையாகவும் மீனாகவும் பள்ளிச் சீருடையாகவும் அதே மாதத்தில் செலவாகிய பணம். ஒரு வட்டாரத்தின் தொழிலாளர் பையிலிருந்து இவ்வளவை எடுத்துவிட்டு, அதே வட்டாரத்துக்குக் கட்டடமாகக் கோடிகளைக் கொண்டுவந்து இறக்கினால், இறக்கும் பணம் சிமென்ட், இரும்பு, ஒப்பந்தக்காரர் வழியாக வெளியே போய்விடுகிறது. காசு புழங்குவதாகத் தெரியவில்லை என்று நீங்கள் சொல்வது கண்ணின் மயக்கம் இல்லை.

ஒரு வீட்டுக் கணக்கைப் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஐம்பது வயதை நெருங்கும் பெண். பதினொரு ஆண்டுகளாகத் தெரு கூட்டியவர். தன் சம்பளத்தை ஒரு சிறிய நோட்டில் எழுதிவைத்திருந்தார், எழுதியது ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன். வாடகை, கரண்ட், கேஸ், அரிசிக்கு மேல் ஆகும் மளிகை, மகள் வீட்டுச் சீர் வகையில் வாங்கிய கடன், சீட்டு. கடைசி வரியில் ‘தண்டல்’ என்று இருந்தது. நூறு நாள் கணக்கில் தினமும் வந்து வசூலிக்கும் கடனுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். இருபத்து மூவாயிரத்தில் அந்தத் தண்டல் ஒன்றாக இருந்தது. ஆறாயிரம் குறைந்தால் எதை அடிப்பது என்று பேரனைக் கேட்டிருக்கிறார். பையன் சீட்டை அடித்துவிட்டு, தண்டலுக்கு எதிரில் ‘2’ என்று எழுதியிருந்தான். சீட்டு என்பது அவருடைய சேமிப்பு. தண்டல் அவருடைய கடன். கூலிக் குறைப்பு ஒரு குடும்பத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை அந்தப் பையன் எழுதிய ஒற்றை எண்ணைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை.

மாநகராட்சி தரப்பையும் சொல்ல வேண்டும். யாருக்கும் வேலை போகாது, பி.எஃப்., இ.எஸ்.ஐ., விடுப்பு, போனஸ் எல்லாம் முறையாகக் கிடைக்கும் என்றார்கள். பி.எஃப். ஒழுங்காகக் கட்டப்படுவது நல்லதுதான், அதற்காக எத்தனையோ பேருக்கு மனு எழுதியவன் நான். ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போகும் சம்பளத்தைக் குறைத்துவிட்டு ஓய்வுக்காலப் பாதுகாப்பைக் காட்டுவது நியாயம் இல்லை. இரண்டும் சேர்ந்தே தரப்பட வேண்டியவை. மாநகராட்சியே நேரடியாக வேலை வாங்கியபோதும் அவற்றைத் தந்திருக்க முடியும்.

தனியார் வந்தால் கூலி ஏன் குறைகிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. குப்பை அள்ளும் டெண்டரில் செலவு மூன்று வகை: வண்டியும் எரிபொருளும், பழுதுபார்ப்பு, ஆட்கள். லாரி விலையும் டீசல் விலையும் போட்டியிடும் எல்லா நிறுவனங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் காட்டக்கூடிய இடம் ஆட்களின் கூலியும் எண்ணிக்கையும் மட்டுமே. குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்ற விதியை வைத்துவிட்டு, கூலி இதற்குக் கீழே போகக் கூடாது என்ற நிபந்தனையை வைக்காமல் விட்டால், கூலியில் கை வைப்பவரே ஜெயிப்பார். நிறுவனத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. நிபந்தனையை எழுத வேண்டியது மாநகராட்சி, அதைக் கேட்டு வாங்க வேண்டியது மாமன்றம்.

“குறைந்தபட்ச ஊதியம் கொடுக்கிறார்களே” என்பார்கள். குறைந்தபட்ச ஊதியம் வேறு, நியாய ஊதியம் வேறு, வாழ்வதற்குப் போதுமான ஊதியம் வேறு. விடுதலை பெற்ற கையோடு அமைக்கப்பட்ட நியாய ஊதியக் குழு இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிவிட்டது. உயிர் வாழ்வதற்கும் உழைக்கும் திறன் குறையாமல் இருப்பதற்குமான அடித்தளம் முதலாவது. பிள்ளையின் படிப்பு, மருத்துவம், கொஞ்சம் கௌரவம், முதுமைக்குச் சிறிது சேமிப்பு இவற்றுக்கும் இடம் தருவது மூன்றாவது. அரசியலமைப்பின் 43ஆவது பிரிவு அரசு நாட வேண்டியதாகச் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். மாநகராட்சி அரசின் ஓர் அங்கம். அது முதல் படியில் நின்றுகொண்டு சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாகச் சொல்லக் கூடாது.

இனி மறுபாதி. திரு.வி.க. நகர் மண்டலத்துக்குப் பெயர் கொடுத்தவரை நினைத்துப் பாருங்கள். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று பெயர் பெற்றது அது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களில் ஒருவர். அதற்கு அடித்தளம் போட்டவர்கள் அந்தப் பகுதியில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். பக்கிங்காம், கர்நாட்டிக் மில் தொழிலாளர்கள் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதில் தொடங்கிக் கூலி வரைக்கும் பேசத் தொடங்கியது அந்தக் கடையைச் சுற்றித்தான். ஏன் அங்கே முடிந்தது? மில், வீடு, கடை, கோயில் எல்லாம் ஒரு கல்லெறி தூரத்தில் இருந்தன. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே கூட்டம் கூடியது.

அந்த ஒற்றுமை எப்படி உடைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் விட்டால் அது அரை உண்மை. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர்களும் மற்றவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சாதிக் காயத்துக்கு மருந்து போடாமல் கூலியை மட்டும் பேசிய சங்கம் அந்த இடத்தில்தான் இடறி விழுந்தது. நூறாண்டுகள் கழித்து, அதே தெருக்களில் குப்பை அள்ளுபவர்கள் யாருடைய பேத்திகள் என்று பார்த்தால், கூலிப் பேச்சையும் சாதிப் பேச்சையும் தனித்தனியாக வைக்க முடியாது என்பது விளங்கும். 2022 மார்ச்சில் இதே ஆறாவது மண்டலத்தைச் சேர்ந்த ஆர். பிரியா, அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பட்டியல் சாதிப் பெண்ணாக மேயர் பதவியேற்றபோது எங்கள் பகுதியில் பலர் கண் கலங்கினார்கள். நானும் அன்று மிகவும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி இருந்ததால்தான் மூன்றாண்டு கழித்து வந்த தீர்மானம் இன்னும் அதிகமாக வலித்தது.

மில் 1996இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. மில் தொழிலாளியின் பேரன் அங்கே காவலாளியாகப் போகலாம், பேத்தி வீட்டு வேலைக்குப் போகலாம். குடியேறுவதற்கு வழியில்லை. இதுவும் நகரப் புதுப்பித்தல்தான். அரசு செய்யாமல் சந்தை செய்தது.

அரசு செய்ததற்கு எங்களுக்குப் பக்கத்திலேயே உதாரணம் கே.பி. பூங்கா. பழைய வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டு ஒன்பது மாடிகளில் 1,920 வீடுகள் கட்டினார்கள். 2021 ஆகஸ்டில், புதுக் கட்டடத்தின் சுவரில் விரலால் அழுத்தினாலே சிமென்ட் பூச்சு மாவாக உதிர்வதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சட்டமன்றம் வரைக்கும் போன விவகாரம் அது. ஆனாலும் கே.பி. பூங்காவில் ஒரு நல்லது உண்டு. இருந்த இடத்திலேயே மறுபடி வீடு கிடைத்தது. சுவரைத் திரும்பப் பூசலாம்.

பூச முடியாதது தூரம். 2000ஆம் ஆண்டு தொடங்கி, தெற்கே வெகு தொலைவில் உள்ள கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் வீடுகளை அடுக்கி, கூவம் கரையிலிருந்தும் மற்ற நீர்நிலைக் கரைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். கண்ணகி நகரிலும் எழில் நகரிலும் சேர்த்து 23,000 வீடுகளுக்கு மேல், பெரும்பாக்கத்தில் அதே அளவுக்கு. காலை ஆறு மணிக்கு நகரத்துக்குள் வருகைப் பதிவு என்றால், பெரும்பாக்கத்துப் பெண் நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும். பயணத்துக்குப் போகும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆகவே அதுவும் கூலிக் குறைப்புதான். 2021இல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் பயணத்தை ‘இலவசம்’ என்று இளக்காரமாகப் பேசுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். மாதம் எண்ணூறு ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. தூரத்தை அவர்கள் தலையில் கட்டியது அரசு. அதன் செலவில் ஒரு பங்கை அரசே ஏற்கிறது.

தூரம் இன்னொன்றையும் பறிக்கிறது. பெரும்பாக்கம் 2011 விரிவாக்கத்திலும் சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் வராத ஊராட்சி. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தோ ராயபுரத்திலிருந்தோ அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர், தினமும் சென்னையின் தெருவைக் கூட்டலாம், ஆனால் சென்னையின் கவுன்சிலருக்கு வாக்களிக்க முடியாது. தன் கூலியைத் தீர்மானிக்கும் மன்றத்தில் அவருக்குப் பிரதிநிதியே கிடையாது. செல்வபதி செட்டியாரின் கடை வாசலில் ஒன்றாக இருந்த வேலையும் வீடும் குரலும் இப்போது மூன்று திசையில் கிடக்கின்றன. கட்டடம் எழுந்தும் கூலி ஏறாமல் இருப்பதற்கு என் அறிவுக்கு எட்டிய மூலகாரணம் இதுதான். பேரம் பேசக் கூடும் இடம் போய்விட்டது.

புதுப்பித்தலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கொளத்தூரில் 2024இல் திறந்த ‘முதல்வர் படைப்பகம்’ என்ற படிப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒற்றை அறை வீட்டில் டிவி சத்தத்துக்கு நடுவே படித்த பிள்ளைகள் அங்கே குளிர்ந்த அறையில் தலை நிமிராமல் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த இடம். அந்த அறையைத் துடைப்பவருக்கும் கழிவறையைக் கழுவுபவருக்கும் யார் மூலம், எவ்வளவு சம்பளம் என்ற கேள்வியும் அதே திட்ட அறிக்கையில் எழுதப்பட வேண்டும் என்பதுதான் என் வாதம். திறப்பு விழாக் கல்வெட்டில் திட்ட மதிப்பீடு இருக்கிறது. சம்பளம் இல்லை.

செய்ய முடியாத காரியமா இது? கிழக்கு லண்டனில் 2001இல் தேவாலயங்களும் மசூதிகளும் பள்ளிகளும் சங்கங்களும் ஒன்றாகச் சேர்ந்து ‘வாழ்வதற்குப் போதுமான ஊதியம்’ என்ற இயக்கத்தைத் தொடங்கின. இரவில் கேனரி வார்ஃப் என்ற வணிகப் பகுதியின் வங்கிகளைத் துடைத்தவர்கள் பகலில் அந்தப் பகுதித் தேவாலயத்திலும் மசூதியிலும் ஒன்றாக உட்கார்ந்திருந்தவர்கள்தாம். நம்முடைய பெரம்பூர்க் கடையைப் போலவே வீட்டுப் பக்கத்தில் கூடிய கூட்டம். 2005 முதல் லண்டன் மேயர் அலுவலகமே ஆண்டுதோறும் அந்த ஊதியத்தைக் கணக்கிட்டு வெளியிடத் தொடங்கியது. 2012 ஒலிம்பிக் அந்தப் பகுதிக்கு வந்தபோது, அங்கே வேலை செய்பவர்களுக்கு அந்த ஊதியம் தரப்பட வேண்டும் என்பதை அமைப்பாளர்களை ஏற்கவைத்தார்கள். அதே ஒலிம்பிக்குக்காக கிளேஸ் லேன் என்ற குடியிருப்பிலிருந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கூலியில் ஜெயித்தும் வீட்டில் தோற்ற கதை. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஒன்று நழுவிவிடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, உங்கள் கவுன்சிலரிடம் என்ன கேட்பது? இடம் இருக்கிறது. 2022 விதிகளின்படி சென்னையின் ஒவ்வொரு வார்டும் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி சபை உண்டு. ஆண்டுக்கு நான்கு முறை அது கூட வேண்டும். அதன் பிரதிநிதிகளைத் தேர்தல் வைத்து எடுக்காமல் நியமிக்கிறார்கள், அது பெரிய குறை. பெரும்பாலான கூட்டங்களில் தெருவிளக்கும் சாக்கடை மூடியும்தான் பேசப்படுகின்றன. ஆனால் அந்தப் பகுதியின் வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம். பேசியதை எழுதிக்கொள்ள வேண்டும்.

பொதுவாகக் ‘கூலி குறைவு’ என்று பேசாதீர்கள். நம் வார்டில் தூய்மைப் பணி ஒப்பந்தத்தில் ஒரு தொழிலாளிக்கு மாதம் எவ்வளவு என்று கணக்கிடப்பட்டிருக்கிறது, கையில் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். ஒப்பந்தப்படி நம் வார்டுக்கு எத்தனை ஆட்கள், இன்று காலை எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள். பழைய சம்பளத்துக்கும் புதிய சம்பளத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அதை யார் தருவது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்த நகலையும் மாமன்றத் தீர்மானத்தையும் கேட்டு மனுப் போடுங்கள். ‘வணிக ரகசியம்’ என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். மக்கள் வரிப்பணத்தில் தரும் கூலியில் ரகசியம் இருக்கக் கூடாது.

ஒப்பந்தக்காரர் சம்பளத்தைப் பிடித்தாலோ குறைத்துக் கொடுத்தாலோ, அந்தப் பாக்கியைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு வேலை கொடுத்த முதன்மை நிறுவனத்துக்கு, அதாவது மாநகராட்சிக்கு உண்டு. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இது இருந்தது, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே “அது கம்பெனி விவகாரம்” என்று அதிகாரி சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அதேபோல, 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 1981இலிருந்து இருக்கிறது. அதன் பலன் யாருக்குப் போகும் என்பதில் வழக்குகள் நீளும். ஆனால் 480 நாளை நிரூபிக்கும் காகிதம் இல்லாதவர் வழக்கின் வாசலையே தொட முடியாது. எனவே உங்களுக்குத் தெரிந்த தூய்மைப் பணியாளரிடம் வருகை அட்டை, பழைய அடையாள அட்டை, வங்கிப் பாஸ் புத்தகம் எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். கிழிந்திருந்தாலும் நகல் எடுத்துவையுங்கள்.

கவுன்சிலர் பதவிக்கும் 2023 வரை மாதச் சம்பளம் இல்லை, கூட்டத்துக்கு வந்தால் படி மட்டும்தான். அதன்பிறகு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் வந்தது. நான் அதை வரவேற்கிறேன், அது போதாது என்றும் நினைக்கிறேன். சொந்தப் பணம் உள்ளவரோ ஒப்பந்தக்காரரோடு உறவு உள்ளவரோ மட்டுமே முழு நேரமும் வார்டு வேலை பார்க்க முடியும் என்றிருந்தால், கூலிக்காரரின் பக்கம் பேசுவதற்கு அந்த இருக்கையில் ஆள் கிடைப்பது அரிது. நியாயமான ஊதியம் அந்தக் கூடத்துக்குள்ளும் வேண்டும்.

நான் மேலே சொன்ன, பேரன் நோட்டு எழுதிக் கொடுத்த அம்மா, எங்கள் பகுதி சபைக் கூட்டத்துக்கு ஒரு முறை வந்தார். தெருவிளக்குப் பேச்சு முடியும்வரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, “என் பெயரில் மாதம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள், மீதியை நானே கணக்குப் போட்டுக்கொள்கிறேன்” என்றார். கூடத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. எழுதிக்கொண்டிருந்த இளைஞர் நிமிர்ந்து, கேள்வியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவர் நிதானமாக, சொல் சொல்லாக மறுபடி சொன்னார். அது அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கிறது, நகல் என்னிடம் இருக்கிறது. உங்கள் பகுதியிலும் இதே கேள்வியைக் கேட்கப் போகிறீர்கள் என்றால், அதன் வாசகத்தை எழுதித் தருகிறேன்.